இங்கே பேராசிரியர், அங்கே ஃபோர்மன்

ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரை ஊர்களில் இரட்டைப் படிப்பாளி என்றோர் இனம் உண்டு. மூன்று மாதம் கல்லூரியில் படிக்கும். அடுத்த மூன்று மாதம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும். சம்பளத்தை மட்டும் பன்னிரண்டு மாதமும் தொழிற்சாலையிடமே வாங்கிக்கொள்ளும். இப்படி மூன்று வருடம். எங்கள் பம்பு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாக இந்த இனத்தைக் கவனித்து வருகிறேன். இருக்கிற இடத்தில் அது இருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

விளங்கவில்லையா? வெண்டெலின் ராப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மூன்று மாதம் முடித்து, ஜனவரியில் இரும்பு முனை வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் வருவான். பம்பின் மூடிக்கு யாராவது போல்ட் முடுக்குவதைக் கைகட்டி நின்று பார்ப்பான். நீளமாக ஒரு பெருமூச்சு விடுவான்.

"எங்க புரொபசர் இதைப் பார்த்தா அழுதுடுவாங்க."

ஃபோர்மன் கிரெய்னர் முப்பது வருடமாக பம்பு பூட்டுகிறவர். எதற்காக அழ வேண்டும் என்று நிதானமாகக் கேட்பார். கோட்பாட்டின்படி பார்த்தால், என்று தொடங்குவான் வெண்டெலின். கிரெய்னர் அடுத்த பம்புக்கு நகர்ந்துவிடுவார்.

ஏப்ரலில் அதே வாய் கல்லூரிக்குப் போகும். பேராசிரியர் லிண்டெமான் அம்மையார் பலகையில் கோட்டைப் பாதி போட்டிருக்கும்போதே கடைசி வரிசையில் ஒரு கை உயரும்.

"நடைமுறையில அப்படி இல்லைங்க மேடம். எங்க ஃபோர்மன் இதைப் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

இதை அந்த அம்மையாரே பிற்பாடு என்னிடம் சொன்னார். கிரெய்னர் புன்னகைத்துக்கூட நான் பார்த்ததில்லை. அந்த அம்மையார் அழக்கூடியவராகவும் தெரியவில்லை. ஆனாலும் மூன்று வருடம் ஒருவர் பட்டறையில் அழுதார், இன்னொருவர் வகுப்பில் சிரித்தார்.

புதிதாகச் சேர்கிறவர் மற்ற எல்லாருக்கும் ரொட்டியும் சாஸேஜும் வாங்கித் தருவதும், விட்டுப் போகிறவர் கேக் கொண்டுவருவதும் எங்கள் பட்டறை வழக்கம். காலை ஒன்பது மணிக்கு, கிரேனுக்கு அடியில் இருக்கும் நீள மேஜையில் இது நடக்கும். வெண்டெலின் வருகிறவனா, போகிறவனா? அவனுக்கே தீர்மானமாகவில்லை. ஆகவே மூன்று வருடத்தில் ரொட்டியும் வரவில்லை, கேக்கும் வரவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்ததை மட்டும் அவன் ஒன்பது மணிக்குத் தவறாமல் சாப்பிட்டான்.

செப்டம்பரோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. உற்பத்தித் திட்டப் பிரிவில் ஓர் இடம் காலி. ஆய்வறிக்கையில் இருவர் கையெழுத்தும் விழுந்தால் பட்டமும் வேலையும் சேர்ந்து வரும். விழாவிட்டால் இரண்டும் சேர்ந்து போகும். இருவர் என்றால் வேறு யார்? லிண்டெமான் அம்மையாரும் கிரெய்னரும்தான். விதிப்படி இருவரும் ஒரே அறையில் அமர்ந்து அவன் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு விதி இருப்பதை வெண்டெலின் மூன்று வருடமாகப் படிக்கவில்லை.

குறிப்பெழுதும் வேலை எனக்கு.

போல்ட் அடுக்கும் அலமாரியை இடம் மாற்றினால் ஆளுக்கு, நாளுக்கு, எண்ணூறு காலடி நடை மிச்சம் என்பது அவனுடைய ஆய்வு. சுவரில் பட்டறையின் வரைபடம் தெரிந்தது. அலமாரி போகப்போகும் இடத்தில் 'காலியிடம்' என்று அழகாக எழுதியிருந்தது. கிரெய்னர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்வரை நடந்து போனார்.

"ஏம்ப்பா, இங்கதானே நம்ம மேஜை இருக்கு?"

அளவெடுக்கும் நாடாவை அவன் வைத்திருந்ததே அந்த மேஜையின்மேல்தான். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவன் தொழிலாளி. படம் போட்டவன் மாணவன். இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

வெண்டெலின் வாயைத் திறந்தான். கோட்பாட்டின்படி அது காலியிடம் என்று சொல்லலாம், எதிரே பேராசிரியர். நடைமுறையில் அங்கே யாரும் உட்காருவதில்லை என்று சொல்லலாம், எதிரே ஃபோர்மன். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான், தன்னை வெறும் ஏட்டுப் படிப்புக்காரி என்று இந்த ஃபோர்மன் நினைத்துவிடக் கூடாதே என்று லிண்டெமான் அம்மையாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நடைமுறையில பாத்தீங்கன்னா சார், சாப்பிட ஒரு மேஜை இல்லாம எந்தப் பட்டறையும் ஓடாது."

கிரெய்னர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு காலத்தில் இரண்டு புத்தகம் படித்தவர்.

"கோட்பாட்டின்படி பாத்தா மேடம், அந்த மேஜை அங்க இருக்க வேண்டிய அவசியமே இல்ல."

நாற்பது நிமிடம் நடந்தது. அம்மையார் மேஜைக்காக வாதாடினார். முப்பது வருடம் அதில் சாப்பிட்ட மனிதர் அதை எடுத்தெறியச் சொன்னார். வெண்டெலின் ஒரு வார்த்தை பேசவில்லை. 'கருத்து மோதலின்போது முதிர்ச்சியுடன் அமைதி காத்தார்' என்று இருவரும் சொல்ல, நானும் அப்படியே எழுதினேன். இரண்டு கையெழுத்தும் விழுந்தன. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேஜையும்.

அக்டோபரில் அவன் நிரந்தர ஊழியனாகி, முதல் நாளே ரொட்டியும் சாஸேஜும் கொண்டுவந்தான். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தான். பிறகு முகம் வாடத் தொடங்கியது. சுட்டிக்காட்ட இன்னோர் இடம் இல்லாமல் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் உயிர் வாழ்வான்? நவம்பரில் வாரக்கடைசி முதுகலை வகுப்பில் சேர்ந்துவிட்டான். திங்கட்கிழமை பட்டறைக்குள் வந்து பெருமூச்சு விட்டான். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ் எப்படி ஒழுங்காக நடக்கிறது என்று விளக்குபவர் யார்? அதே ஆபீஸில், எங்க வீட்டுல எல்லாம் இப்படிக் கிடையாது என்பவர் யார்? எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் இங்கே, எங்க ஊர்ல இதையெல்லாம் ஒத்துக்கவே மாட்டாங்க என்று மட்டும்தான் சொல்வேன். ஊருக்குப் போகும்போது, எங்க ஜெர்மனியில இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு என்பேன். மற்றபடி நான் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறேன்.