நீலக்கோட்டில போன தாலி

நான் ஆரையும் லேசில நம்பமாட்டன். மீன்காரன்ர தராசை நம்பமாட்டன். கட்டினவர் "கறி நல்லாயிருக்கு" எண்டா அதையும் நம்பமாட்டன். ஆனா ஒருக்கா, முகமே தெரியாத ஒருத்தியை நம்பி, தாலியும் கையுமா குளத்துக்க இறங்கினனான்.

என்ர தம்பின்ர மகனுக்குத் தம்பலகாமத்தில கலியாணம். எல்லாரும் வெள்ளெனவே பஸ்ஸில போயிட்டினம். தாலியை நகைப் பத்தர் செய்து தரப் பிந்திப்போச்சு. அதை வாங்கிக்கொண்டு நானும் இவரும் எங்கட ஓட்டோவில வெளிக்கிட்டம். பத்தரைக்கு முகூர்த்தம்.

இவர் துறைமுகத்தில முப்பது வருசம் லொறி ஓடினவர். தம்பலகாமத்தில அவருக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை. ஆனா என்ர கையில மகள் வாங்கித் தந்த புதுப் போன். (மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்து ஓடாது, மேப்பில நீலக்கோடு விளங்கும்.) அதுக்குள்ள ஒருத்தி வழி சொன்னாள். டிவி நாடகக்காரி மாதிரி என்ன வடிவான தமிழ்! இப்பிடிக் கதைக்கிறவள் பொய் சொல்லுவாளே?

"இடப்பக்கம் திரும்பவும்" எண்டாள்.

"இஞ்ச, அது..." எண்டு இவர் தொடங்கினார்.

"இறங்குமட்டும் நீங்கள் வாயே திறக்கக்கூடாது. அவள் சொல்லுறபடி ஓடுங்கோ!"

மனுசன் திறக்கேல்ல. தார் றோட்டு முடிஞ்சு கிரவல் வந்துது, கிரவல் முடிஞ்சு வரம்பு வந்துது. (எருமை ஒண்டு எங்களை ஒரு மாதிரிப் பாத்துது.) பேந்து சேறு. ஓட்டோ புதைஞ்சுது. முன்னால பரந்த குளம், தாமரை, ரெண்டு கொக்கு. அக்கரையில கலியாண மேளம் கேக்குது.

"நேராகச் செல்லவும்" எண்டாள் அவள்.

நான் இறங்கினன். முழங்கால் மட்டும் சேறு.

"இறங்கீட்டாய்தானே, இப்ப கதைக்கலாமோ?" எண்டார் இவர்.

"கதைச்சுத் துலையுங்கோ!"

"இது கோடையில மட்டும்தான் பாதை. மாரியில குளம்."

மணி பத்தேகால். தாலிப்பெட்டியைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு நான் கத்திக் குழற, உழவு மெசினோட ஒருத்தர் வந்தார்.

"என்னம்மா, குளிக்க வந்தனீங்களோ?"

அவரின்ர மெசின் பெட்டியில ஏறி நிண்டு, குளத்தைச் சுத்தி ஓடினம். மண்டப வாசலில தம்பி அழுவாரைப் போல நிண்டவன். "அக்கா, தாலி எங்க?" எண்டு பறிச்சுக்கொண்டு ஓடினான். நல்லகாலம், முகூர்த்தத்துக்குள்ள தாலி ஏறீட்டுது. கலியாண அல்பத்தில மாப்பிள்ளைக்குப் பக்கத்தில அரைவாசி பட்டும் அரைவாசி சேறுமா நிக்கிறது நான்தான்.

போன கிழமை உப்பெண்டு நினைச்சு மீன்கறிக்குள்ள சீனியைப் போட்டன். இவர் குசினிக் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர்.

"கண்டனீங்கள்தானே? ஏன் சொல்லேல்ல?"

"நீ கறியை இறக்குமட்டும் வாய் திறக்கக்கூடாதெண்டு இருந்தனான்" எண்டார்.

வாசலில நிண்ட பேரப்பிள்ளையள் ஒரே குரலில, "நேராகச் செல்லவும்!"