சின்ன அறையில் மூழ்கிய பிஸ்மார்க்

இந்த வீட்டில் ஒரு அறையாவது என்னுடையதாக இருக்கவேண்டும் என்று ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தேன். பத்தரைக்கு முடிவு முடிந்துபோய்விட்டது.

லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீடு. மாடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேசை, மேசையில் நாலடி நீளத்துக்கு பிஸ்மார்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் விட்ட போர்க்கப்பல். நான் விட்டது பிளாஸ்டிக்கில். பதினாலு மாதமாகப் பசை பூசி, ஊதி, ஒட்டி வருகிறேன். பீரங்கிகள் எல்லாம் திரும்பும். என் மனைவி தவநாயகி மட்டும் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

"இஞ்சருங்கோ, அறையை ஒதுக்கித் தாங்கோ. கட்டில் போடவேணும்."

"ஏலாது. பசை காயேல்லை."

"வெள்ளைக்காரன் பெரும்பாடு பட்டுக் கடலில தாட்ட கப்பல். அவன்ர ஊரிலயே இருந்துகொண்டு அதைத் திருப்பிக் கட்டுறியள். கவுன்சிலுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கள்?"

அறிவால் வெல்லலாம் என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

"தவம், ஒரு கேள்வி கேக்கிறன். சரியாச் சொன்னா அறை உமக்கு. தெரியாட்டி இனி இந்த அறையைப் பற்றி வாய் திறக்கப்படாது."

"தெரிஞ்சா கப்பல்?"

"நானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவு ஷெட்டில வைக்கிறன்."

"சுவருக்குப் பெயின்ற்?"

"அடிக்கிறன்."

"ஆராவது வந்தா ஹீத்ரோ எயார்போட்டுக்குப் போய்க் காரில ஏத்தவேணும்."

"ஆர் வருகினம்?"

"வந்தா எண்டுதானே சொல்லுறன்."

"போறன்."

தோற்கப்போகிறவளிடம் தாராளமாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"அமெரிக்காவில ஒரு மாநிலத்தின்ர தலைநகருக்கும் பிஸ்மார்க் எண்டுதான் பேர். எந்த மாநிலம்?"

எங்கள் பழைய மாணவர் சங்க விருந்தில் இதே கேள்விக்கு இரண்டு டொக்டர்மாரும் ஒரு எக்கவுண்டன்ரும் முழுசியிருக்கிறார்கள். தவம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நோர்த் டகோட்டா."

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட சித்தியின்ர மகள் பிறேமினி அங்கதானே ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு வருசமாச்சு. ஒவ்வொரு ஞாயிறும் இந்த அறைக்குள்ள நிண்டுதானே ஸ்பீக்கரில கதைக்கிறனான். நீங்களும் பக்கத்திலதான் இருக்கிறனீங்கள்."

இருந்தேன்தான். கையில் கப்பலின் கொடிமரம், வாயில் "ஓம், ஓம்". யாழ்ப்பாணத்துச் சனம் போய்க் குடியேறாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நம்பிக் கேள்வி தயாரித்த முதல் யாழ்ப்பாணத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"அவளும் மகளும் வெள்ளிக்கிழமை வருகினம். 'அத்தான், உங்களோட வந்து நிக்கட்டோ' எண்டு கேட்டவள். நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்."

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பெயின்ற் வாளி ஏற்கெனவே வந்து நின்றது.

ஷெட்டில் புல்வெட்டும் மெஷினுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் கப்பலை வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பொய்யில்லை, வந்தது. தவம் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்திவிட்டாள். "ரெண்டு கிழமை, பதினாலு நாள்தானே, பொறுங்கோ" என்றாள். அந்த ரெண்டு கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் பெயின்ற் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஹீத்ரோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பிறேமினியின் மகள் முன் சீற்றில் நித்திரை. பின் சீற்றில் தவமும் பிறேமினியும் மூச்சு விடாமல் கதை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷெட் கூரையின் இடது மூலை ஒழுகும். கப்பலின் முன்பக்கம் அங்கேதான் இருக்கிறது. பெட்ஷீட் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும்?

"…என்ன அத்தான், சரிதானே?" என்று பின்னாலிருந்து பிறேமினி கேட்டாள்.

"ஓம், ஓம்" என்றேன்.

உடனே தவத்தின் குரல் வந்தது.

"நான் சொன்னனான்தானே பிறேமினி, அத்தான் மாட்டன் எண்டு சொல்லவே மாட்டார். டிக்கெட்டை மாத்து, செப்டெம்பர் வரைக்கும் நிண்டிட்டுப் போங்கோ."