இல்லாத மாட்டை நான் கொன்ற கதை

நான் ஒரு மாட்டைக் கொன்றவள். அந்த மாடு ஒரு நாளும் உயிரோடு இருந்ததில்லை என்பது வேறு விஷயம். அரசாங்கத் தாளில் அது செத்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். இதை எழுத உட்காரும்போதே அலுப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் இந்தக் கதையைக் கேட்கிறார், ஒவ்வொரு தடவையும் நானேதான் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் தாளை நீட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரங்களில் ஒரு ஐப்பசி மழை. அடி அண்ணாமலையில் வசந்தா அத்தையின் வீட்டு முன்னறைச் சுவர் விழுந்துவிட்டது. அத்தை அப்பாவுக்கு அக்கா, தனியாள். அந்த முன்னறையில்தான் இட்லிக் கடை வைத்திருந்தாள். பௌர்ணமி வந்தால் கிரிவலம் போகிறவர்கள் வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். சுவர் விழுந்த மறுநாள், ஒரு கையில் இட்லிக் குண்டான், இன்னொரு கையில் துணி மூட்டையுடன் வேங்கிக்காலில் இருந்த எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மூணே நாளு. செவுத்த எழுப்பிட்டுப் போய்ட்றேன்" என்றாள்.

மூன்று வாரம் ஆயிற்று. வீட்டில் இருந்ததோ இரண்டு அறை, ஒரு அடுப்பு. அம்மா இறக்கி வைக்கும் சாம்பாரில் அத்தை உப்புப் போடுவாள். அத்தை கரைத்த மாவில் அம்மா தண்ணீர் ஊற்றுவாள். "அண்ணி, புளி ஜாஸ்தி" என்று அம்மா சொல்ல, "உன் கைக்கு எல்லாமே கம்மிதான்டி" என்று அத்தை சொல்ல, அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஒரு நாள் அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய், "உங்கத்தைக்கு எப்படியாவது அந்த நிவாரணத்த வாங்கிக் குடுத்து அனுப்பிடு தாயி, உனக்குப் புண்ணியமா போவும்" என்றாள்.

அத்தைக்கும் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் சொன்னாள்: "எனக்குன்னு ஒரு கதவு இருந்திச்சிடி. நானே தொறப்பேன், நானே சாத்துவேன்." இந்தச் சுவரை நான்தான் எழுப்பித் தரவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். (வினை அங்கேதான் ஆரம்பித்தது.)

அப்பா தாலுகா ஆபீசில் விசாரித்துவிட்டு வந்தார். மழைச் சேதத்துக்கு மனு போடுவதெல்லாம் இந்த வருஷம் கம்ப்யூட்டரில்தானாம். கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி வரை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள். அங்கே கற்றது என் பெயரை ஏழு நிறத்தில் அடிப்பது மட்டும்தான். வீட்டில் விட்ட பீலாவோ ராக்கெட் விடுகிற அளவுக்கு. "அதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலைப்பா" என்றேன்.

சனிக்கிழமை அஷ்டமி, ஞாயிறு நவமி, திங்கள் கரண்ட் இல்லை. ஆக, கடைசி நாளன்றுதான் அத்தையும் நானும் ரேஷன் கார்டோடு செங்கம் ரோட்டில் பாஷா பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம்பி அவர் நடத்தி வந்த கடை அது. இங்கிலீஷில் இருந்த படிவத்தை எழுத்துக்கூட்டி நிரப்பி முடிக்கும்போது மூன்று மணி. கடைசிப் பொத்தானை அழுத்தப் போனேன். அத்தை என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு. ராவு காலம் பொறந்துடுச்சு."

"அத்தே, அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"நாலரைக்கு ராவு காலம் முடியுது. அப்பால அரை மணி கெடக்குது இல்ல? ஒரு பொத்தான அமுக்க எவ்ளோ நேரம்டி ஆவும் உனக்கு?"

பாஷா பாய் எட்டிப் பார்த்தார். "அமுக்கிடும்மா. ரொம்ப நேரம் சும்மா வுட்டா அது தானா மூடிக்கும்."

"உங்களுக்கு ராவு காலம் இல்ல பாய். எங்களுக்கு இருக்குது."

"எனக்கு இல்லதான்க்கா. கம்ப்யூட்டருக்கும் இல்லியே!"

படித்தவள் நான். கையை உதறிவிட்டு அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம். ராகு காலத்தில் அழுத்தி, நிவாரணம் வராமல் போனால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சை யார் கேட்பது? ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரர் நாங்கள் தியானத்தில் இருப்பதாக நினைத்துச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு அழுத்தினேன். நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கு என்று இங்கிலீஷில் வந்தது. அடித்ததெல்லாம் போயே போச்சு.

மிச்சம் இருந்தது அரை மணி. பெயர், ஊர், கார்டு நம்பர் என்று அத்தை கத்தக் கத்த நான் அடித்தேன். என்ன சேதம் என்று கேட்ட இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் வீட்டுச் சுவரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன், அண்ணாமலையார் மேல் சத்தியம். பொத்தான் பக்கத்தின் அடியில் இருந்ததால் மௌஸில் உள்ள சக்கரத்தை உருட்டினேன். பக்கம் நகரவில்லை. இன்னும் இரண்டு உருட்டு உருட்டினேன். அப்படியும் நகராததால் ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ரசீது நம்பர் வந்ததும் அத்தை மடியிலிருந்து விபூதியை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று பூசினாள். வீட்டில் அன்று அம்மா கேசரி கிளறினாள்.

கார்த்திகைத் தீபம் முடிந்து, இடத்தைப் பார்வையிட ஆள் வருவதாகத் தகவல் வந்தது. அப்பா, அத்தை, நான் மூவரும் கிளம்பினோம். பஸ் தாமதம். நாங்கள் போய்ச் சேரும்போது தோள் பையோடு ஒரு அதிகாரி இடிந்த சுவருக்கு முன்னால் நின்று அக்கம்பக்கத்தாரை விசாரித்துக்கொண்டிருந்தார். பூக்கட்டும் முனியம்மாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

"தங்கமான மாடுங்க. செவலை."

"கறுப்புங்க" என்றார் டீக்கடை ஏழுமலை.

"ரெண்டு மாடா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணுதாங்க. செவலை மாடுதான், மழைல நனைஞ்சா கறுப்பாத் தெரியும்" என்றாள் முனியம்மாக்கா.

விஷயம் இதுதான். வந்தவர் கால்நடைத் துறை. வசந்தா என்பவரின் மாடு மழையில் செத்தது உண்மையா என்று கேட்டிருக்கிறார். வசந்தாவுக்கு ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்று மட்டும் இவர்களுக்குப் புரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒருத்திக்கு அரசாங்கம் ஏதாவது கொடுக்க வந்தால் தெருவே சாட்சி சொல்லும். எதற்கு என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

"ஏம்மா, மாட்ட எங்க பொதைச்சீங்க?" என்று அதிகாரி அத்தையிடம் கேட்டார்.

"எந்த மாடு?"

"கொல்லையிலன்னு சொல்லுக்கா" என்று முனியம்மாக்கா அவள் இடுப்பைக் கிள்ளினாள்.

அத்தை சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்கிட்ட மாடே கெடையாதுங்க. செவுருதான் இருந்திச்சி" என்றாள்.

அவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சேதம்: கறவை மாடு, ஒன்று. பட்டியலில் சுவருக்கு மூன்று வரி கீழே மாடு. நான் உருட்டியதும் மூன்று உருட்டு. அன்றைக்கு நகர்ந்தது பக்கம் இல்லை, பட்டியல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"செவுத்துக்குன்னா புதுசா மனு போடணும்மா. அதுக்குத்தான் தேதி முடிஞ்சி போச்சே" என்றார். நல்ல மனுஷன், திட்டக்கூட இல்லை. மாடு இல்லை என்று எழுதி அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஒரு மனுஷியின் கதவை என் விரலால் உருட்டித் தொலைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. வேங்கிக்காலில் இறங்கும்போது அத்தை என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "செவலைன்னே வெச்சிக்கலாம்டி. எனக்குக் கறுப்பு ஆவாது" என்றாள்.

மூன்று நாளுக்கு வந்த அத்தை பிறகு போகவே இல்லை. வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு வந்தது. சாம்பார் சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கூட, "மாட்டக் கொன்னது நீங்கதானா?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். (அவரையே கட்டிக்கொண்டேன், புதிதாக ஒருவரிடம் சொல்ல வேண்டாமே என்று.) மாட்டுப் பொங்கலன்று அப்பா ஒரு இலையில் கொஞ்சம் பொங்கலைத் தனியாக எடுத்து வைத்து, "நம்ம செவலைக்கு" என்பார். முனியம்மாக்கா இன்றைக்கும் கோயிலில் என்னைப் பார்த்தால் அந்த மாட்டின் அருமை பெருமைகளைச் சொல்கிறாள். கேட்கக் கேட்க எனக்கே அதன் முகம் தெரிகிறது.

சண்டை முற்றி, "மூணு நாளுன்னுதான அண்ணி வந்தீங்க?" என்று அம்மா கேட்டுவிடுகிற நாளும் உண்டு. அத்தை கரண்டியைக் கீழே வைப்பாள்.

"என் செவலை மட்டும் உசுரோட இருந்திருந்தா, பால வித்தாவது செவுத்த எழுப்பிட்டு எப்பவோ போயிருப்பேன்டி. நான் இன்னா பண்றது?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.