நாகராசு படுக்கவைத்த முள்

இனி இந்த ஜென்மத்தில் தன் வண்டியை மச்சினன் தொடக்கூடாது என்று நாகராசு முடிவெடுத்தது தை மாதக் கடைசியில். முடிவெடுப்பது பெரிய காரியமில்லை. பெண்டாட்டிக்குத் தெரியாமல் அதை நிறைவேற்றுவதுதான் காரியம். செவந்திக்குத் தம்பி தமிழ்செல்வன் என்றால் உயிர். அவன் கேட்டு இல்லையென்று சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. மறுநாள் உப்பு மட்டும்தான் இருக்கும்.

நாகராசு லேசுப்பட்ட ஆள் இல்லை. பத்து வயதில் பலாக்காய் லாரியில் சுமை தூக்கப் போய், முதுகெல்லாம் முள் குத்தி முள் குத்தியே வியாபாரம் படித்தவன். இன்றைக்கு ஆலங்குடி வட்டாரத்தில் மரத்தோடு காயைப் பேசி எடுக்கிற பலா வியாபாரி. கோபம் மூக்கின் மேல் இல்லை, மூக்குக்கு முன்னால் அரை அடி தள்ளி நிற்கும். தன்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை என்பது அவன் கட்சி.

அப்பேர்ப்பட்டவனை மச்சினன் வாராவாரம் ஏமாற்றிக்கொண்டிருந்தான். டேங்க் நிறைய இருக்கும்போது வண்டியை எடுத்துப் போவான். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோலின் வாசனை மட்டும் இருக்கும்.

அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை சாக்கெட் உண்டு. டேங்கிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயர் அது. அதைப் பிடுங்கிவிட்டால் பெட்ரோல் முள் பொத்தென்று விழுந்து அடியில் படுத்துக்கொள்ளும். டேங்க் தளும்பினாலும் எழுந்திருக்காது. போன வருஷம் அந்த சாக்கெட் நிஜமாகவே கழன்றுகொண்டபோது, அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் சந்தோஷ்குமார் கடையில் அரை நாள் உட்கார்ந்து நாகராசு கற்றுக்கொண்ட பாடம் இது. அரை நாள் வீணாய்ப் போனதற்கு இப்போது வட்டியோடு வசூல் பண்ணிவிடலாம் என்று தோன்றியது. ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து, சீட்டைத் தூக்கினான், பிடுங்கினான், மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்செல்வன் வந்தான். சாவி கேட்டான்.

"குடுக்கலாம் மாப்ள, அதுக்கென்ன," என்றான் நாகராசு, தேன் ஒழுக. "ஆனா பெட்ரோல் முள்ளு சரியில்ல. நடுவழியில நின்னுருச்சுன்னா அப்புறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது."

தமிழ்செல்வன் சாவியைப் போட்டு முள்ளைப் பார்த்தான். அது படுத்துக் கிடந்தது. பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மருந்து நன்றாக வேலை செய்தால் எல்லா வியாதிக்கும் அதையே கொடுக்கத் தோன்றும். அடுத்த வாரம் செவந்தி, அரிமளத்தில் சித்தப்பா மகள் வீட்டில் காதுகுத்து, கொண்டுபோய் விடுங்கள் என்றாள். வெயிலில் அரிமளம் வரைக்கும் போய், மாமனார் வீட்டு வகையறாவோடு பந்தியில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். நாகராசு அதே பாட்டைப் பாடினான். முள்ளு சரியில்லை, பொம்பளையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியுமா.

செவந்தி வண்டியை ஒரு தரம் பார்த்தாள். அவனை ஒரு தரம் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் முதல் வார்த்தையிலேயே அவள் சரி என்றது அன்றைக்குத்தான். எதிராளி முதல் விலைக்கே தலையாட்டினால் சரக்கைத் திருப்பிப் பார் என்று நாகராசு ஊருக்கெல்லாம் புத்தி சொல்வான். வீட்டு வாசலில் அந்தப் புத்தி செருப்போடு சேர்ந்து வெளியிலேயே நின்றுவிட்டது.

மாசி பாதியில் பெட்ரோல் காணாமல் போக ஆரம்பித்தது.

முள் இல்லாத குறையை நாகராசு மூளையால் ஈடுகட்டி வந்தான். திங்கட்கிழமை நிரப்பினால் அடுத்த திங்கள் வரை வரும் என்பது அவன் பிடி. ஆனால் சனிக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அடித்தகரம் அவனைத் திருப்பிப் பார்த்தது.

ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தான். அட்டையில் கோழி நடந்த தடம்தான் இருந்தது. திருட்டோ என்று டேங்க் பூட்டை ஆட்டிப் பார்த்தான். பூட்டு அசையவில்லை. கடைசியில் சாவியை வேட்டி மடியில் முடிந்துகொண்டே மத்தியானம் தூங்கினான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மண்டிக்குப் போகிறவன், இரண்டு மணிக்குப் படுத்தால் மேலே பலாக்காய் விழுந்தாலும் ஐந்து மணிக்குத்தான் எழுவான்.

வேறு வழியில்லாமல் சந்தோஷ்குமாரிடம் போனான். எஞ்சின் அதிகமாகக் குடிக்கிறதா பார் என்றான். சந்தோஷ்குமார் சாவியைத் திருப்பினான். மீட்டரில் முள் சோம்பல் முறித்து எழுந்து, பாதிக்கு வந்து நின்றது.

நாகராசு மீட்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான்.

"முள்ளு ஜம்முன்னு வேலை செய்யிதேண்ணே," என்றான் சந்தோஷ்குமார். "யாரு சரி பண்ணுனா?"

தன் கையால் பிடுங்கியது. இந்த இரண்டு விரலால். யாரிடம் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினால் அம்மா என்று கத்தமுடியுமா? ஏதோ குழியில் விழுந்த குலுக்கலில் தானாகச் சேர்ந்திருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, வரும் வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மறுபடி பிடுங்கினான். வீட்டுக்கு வந்ததும் செவந்தியிடம், ஒன் தம்பி இந்தப் பக்கம் வந்தானா என்று நூல் விட்டுப் பார்த்தான். நீங்கதான் முள்ளு சரியில்லைன்னு அனுப்பிட்டீங்களே, சாவி கேட்டே ஒரு மாசமாச்சு என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இதற்கிடையில் வடகாட்டுத் தோப்பு வந்தது. அமிர்தவல்லி அம்மாளின் பலாத் தோப்பு. பன்னிரண்டு மரம், வேரிலிருந்து கிளை வரை காய். அந்தத் தோப்பு கைக்கு வந்தால் இந்த சீசனுக்கு நாகராசுதான் ராஜா. வராவிட்டால் அறந்தாங்கி வியாபாரி ராஜா. நாகராசு ஒரு மாதமாய் விலையைக் குறைக்கப் பாடுபட்டான். போகும்போதெல்லாம் சுளை சன்னம் என்றான், கொட்டை பெரிசு என்றான், வெட்டினால் பால்தான் வடியும் என்றான். அவன் பேசிய பேச்சுக்குக் காய்களே வெட்கப்பட்டு உதிர்ந்திருக்க வேண்டும். கடைசியில் அந்த அம்மாள், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, அறந்தாங்கிக்காரரும் வருகிறார், பேசி முடித்துவிடலாம் என்று போனில் சொன்னாள். நாகராசு போனில் பேசினால் அடுத்த தெரு வரை கேட்கும். அடுப்படிக்குக் கேட்காதா?

வெள்ளிக்கிழமை புதுச்சட்டை போட்டுக் கிளம்பினான். நாலு நாளைக்கு முன்னால் நிரப்பிய டேங்க். வடகாட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமியது. விக்கியது. நின்றது.

அப்புறம் அவன் தள்ளினான். பங்குனி வெயிலில் தள்ளினான். வண்டியைத் திட்டினான், பெட்ரோலைத் திட்டினான், காற்று எதிரே வந்ததால் அதையும் திட்டினான். தோப்பு வாசலில் போய் நின்றபோது மணி பத்தேமுக்கால். புதுச்சட்டை பிழிந்து காயப்போடும் நிலையில் இருந்தது.

அமிர்தவல்லி மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தம்பி இப்பிடி வேர்த்துக் கொட்டுது? மெதுவா வந்திருக்கலாமே. மரந்தான் முடிஞ்சிருச்சே."

"அறந்தாங்கிக்காரனுக்கா?"

"அவரு வந்தாரு, இல்லன்னு அனுப்பிட்டேன். ஒங்க வீட்டுக்குத்தான் குடுத்தது."

"நான் இப்பத்தானக்கா வாரேன்."

"ஒங்களுக்கு யாரு குடுத்தா? என் மரத்த என் முன்னாடியே வையிறீங்க. ஒங்க வீட்டம்மா நேத்து மத்தியானம் வந்து ஒரு சுளை தின்னுச்சு. இம்புட்டு இனிப்பா ஒரு பழத்த நான் தின்னதே இல்லக்கான்னுச்சு. நீ சொன்னதுதான் விலைன்னு நானே சொல்லிப் பேசி முடிச்சு, எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

நாகராசு வண்டியை ஸ்டாண்டு போட்டான். "பஸ்ஸுலயா வந்தா?"

"பஸ்ஸா? இந்தா தள்ளிட்டு வந்து நிக்கிறீங்களே, இதுலதான். எம்புட்டு ஜோரா வளைச்சு நிப்பாட்டுச்சுங்கிறீங்க. லைசென்ஸ் எடுத்து ஒரு வாரமாச்சாமே, ஒங்களுக்குத் தெரியாதா?"

நாகராசு அப்படியே உட்கார்ந்தான். உட்கார்ந்தது கீழே கிடந்த பலாக்காயின் மேல். முள் குத்தியது அவனுக்குத் தெரியவே இல்லை.

அமிர்தவல்லி ஏதோ நினைவு வந்தவளாய் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். மூக்குக்கு அருகில் வருமுன்னே அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"பெட்ரோல் தம்பி. முள்ளு அடியில கெடக்கு, நாளைக்கு அவுங்க எப்பிடியும் தள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க, பாவம், இத ஊத்திக்கிட்டு வரச் சொல்லுங்கன்னு குடுத்துட்டுப் போச்சு. நல்ல பொண்ணு."

வடகாட்டிலிருந்து ஆலங்குடி வரை நாகராசு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எந்தப் பாத்திரத்தை உதைப்பது என்பதுவரை தீர்மானம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் செவந்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். வடகாட்டுப் பழம். மணம் தெருவரை அடித்தது.

"அந்த சாக்கெட்ட யாருடி மாட்டுனது?" என்று கர்ஜித்தான்.

"கழட்டுனது யாருங்க?" என்றாள் செவந்தி.

நாகராசு உதைக்க வைத்திருந்த பாத்திரத்தைத் தாண்டிப் போய் மணையில் உட்கார்ந்தான். மிச்சத்தை அவளாகவே சொன்னாள். காதுகுத்துக்குப் போகமுடியாத அன்றைக்கே சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். தம்பி மத்தியான நேரத்தில் வந்து கியர் போடச் சொல்லிக்கொடுத்தான். அவன் சாவி கேட்கவில்லை, பாவம். வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி கடுகு டப்பாவிலேயே இருந்தது. போகும்போது சாக்கெட்டை மாட்டிக்கொள்வாள், வந்ததும் கழற்றிவிடுவாள். ஒரே ஒரு நாள்தான் கழற்ற மறந்துபோனாள்.

"காய் வெட்டுறது, லாரி ஏத்துறதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க," என்று ஒரு சுளையை அவன் கையில் வைத்தாள். "வெலை மட்டும் நான் பேசிக்கிறேன்."

சுளை தேன். அதைத் துப்பவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் மண்டிக்குக் கிளம்பியவன் சாவி மாட்டும் ஆணியைத் தடவினான். சாவி இல்லை. மடியிலும் இல்லை. கடுகு டப்பாவில் கடுகுதான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் வண்டி வேணுமே என்றான்.

செவந்தி முந்தானையில் முடிந்திருந்த இரண்டு சாவியையும் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"குடுக்கலாங்க, அதுக்கென்ன. ஆனா பெட்ரோல் முள்ளு சரியில்ல. நடுவழியில நின்னுருச்சுன்னா அப்புறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது."

நாகராசு பஸ்ஸுக்குப் போனான்.