பெரிய டயரும் மோசஸ் சார் செய்த ஜெபமும்

தனியாக இருக்கிறவனிடம் ஒரு சந்தேகத்தைக் கொடுத்துப் பாருங்கள், தீர்த்துக்கொள்ளவே மாட்டான். தீர்ந்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய் என்ன பேசுவது? ஆரணியில் இரண்டு மாதம் ஒரே ஒரு சந்தேகத்தை வைத்து நான் காலம் தள்ளியிருக்கிறேன். பெரிய டயர் போட்ட பிக்கப் வண்டிக்கு ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் தேவையா இல்லையா என்பதுதான் அது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அரிசி மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளில் இறக்குவது வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. (மின்விசிறி மட்டும் ஏதோ முனகும். எண்ணெய் விட்டதும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.) அந்தச் சமயத்தில்தான் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, என் வண்டிக்கும் பெரிய டயர் மாட்டினேன். பாரம் தாங்கும் என்று மில்லில் சொன்னேன். உண்மை அதுவல்ல. உயரமாக உட்கார்ந்தால் நாலு பேர் கண்ணில் படுவேன் என்று நினைத்தேன்.

வண்டி ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. பாஷா பாய் பட்டறைக்குப் போனேன்.

"பாய், ஸ்டெபிலைசர் போட்டா ஆட்டம் நின்னுடுமா?" (ஃபிரிட்ஜுக்கு வைப்பது அல்ல. ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்கிற, ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு குழாய்.)

"உன் கைக்குத் தெரியாம பண்ணும், அவ்ளோதான். உள்ள அது ஆடிகினுதான் இருக்கும். முன்னாடி ஏதோ தேஞ்சிருக்குது. ஒரு நாள் வண்டிய உட்டுட்டுப் போ, கழட்டிப் பாத்துடலாம்."

"நாளைக்கு உடறேன் பாய்."

மறுநாளும் போனேன். வண்டியை விடுவதற்கு அல்ல, அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பதற்கு. பாய் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, "தெனம் வந்து பேஜார் பண்றியே, வண்டிய மட்டும் உட மாட்டேன்றியே" என்று திட்டுவார். அந்த டீக்காகவும் திட்டுக்காகவும்தான் நான் வண்டியை விடவே இல்லை. இதை இன்றுவரை பாயிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் சபையில் ஓர் அக்கா மூலமாக முள்ளிப்பட்டில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் ஸ்டெல்லா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா மோசஸ் சார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போட்டோவில் அவள் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்து முடித்த மாதிரி இருந்தாள். இது எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கடைக்குப் போய் இரண்டாவதாக ஒரு சாப்பாட்டுத் தட்டு வாங்கி வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கென்று மில்லில் கலசப்பாக்கத்துக்கு லோடு போட்டுவிட்டார்கள். இறக்கி முடிக்கவே நேரமாகிவிட்டது. அங்கேயே முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, போளூர் வழியாக அறுபதில் விரட்டினேன். வழி நெடுக ஸ்டியரிங் என்னை உலுக்கி எடுத்தது. முள்ளிப்பட்டில் இறங்கியபோது வண்டி நின்றுவிட்டது, என் கை நிற்கவில்லை.

வீட்டில் எனக்காக ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"தம்பி, மத்தவங்க பின்னாடி வந்துகினு இருக்காங்களா?" என்றார் மோசஸ் சார்.

"இல்லைங்க சார். நான் மட்டும்தான்."

மீதி ஐந்து நாற்காலியையும் எடுக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டெல்லா காபி கொண்டுவந்தாள். வாங்கினேன். டம்ளரும் டவராவும் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தோடு அது சேர்ந்துவிடும் என்று நம்பினேன். சேரவில்லை. பாதிக் காபி என் மடியிலும் மீதி மோசஸ் சாரின் வெள்ளை வேட்டியிலும் கொட்டியது.

"தம்பிக்குப் பழக்கம் ஏதாச்சும் உண்டா?" என்றார் மெதுவாக.

"டீ மட்டும்தான் சார். இது டயர் மாத்தினதால."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து எத்தனை காலமாயிற்று! பெரிய டயர், ஸ்டியரிங் ஆட்டம், ஸ்டெபிலைசர் போடுவதில் உள்ள நன்மை தீமைகள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஹெட்மாஸ்டரிடம் மாட்டிய மாணவன்கூட அவ்வளவு நீளமாகச் சமாளித்திருக்க மாட்டான்.

ஸ்டெல்லா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "பழைய டயரையே திருப்பி மாட்டிட்டா என்னங்க?"

இரண்டு மாதத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. பதில் எனக்குத் தெரியும். மாட்டிவிட்டால் நாலு பேர் கண்ணில் பட மாட்டேன், பாய் பட்டறைக்குப் போகவும் வேலை இருக்காது என்று பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்ல முடியுமா?

"ஜெபம் பண்ணிடலாம்" என்று மோசஸ் சார் எழுந்தார். எங்கள் வீடுகளில் வந்தவர்களை ஜெபம் செய்துதான் அனுப்புவார்கள். ஒருவர் ஜெபிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் 'ஆமென்' போடுவார்கள். சிறு வயதிலிருந்தே பழகிய வாய், காதைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

"பரலோகப் பிதாவே, இந்த மகனுடைய கைகளை நீர் அறிவீர்."

"ஆமென்."

"எதைத் தொட்டு இந்தக் கைகள் இப்படி ஆயின என்றும் அறிவீர்."

"ஆமென்." (ஸ்டியரிங்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.)

"மதுபாட்டிலை இவன் கையிலிருந்து பிடுங்கிப் போடும்."

"ஆமென்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் மோசஸ் சார் என் தலையில் கையை வைத்துவிட்டார். அம்மாவுக்குப் பிறகு என் தலையில் யாரும் கை வைத்ததில்லை. என்ன செய்தும் அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அந்தக் கையை எடுத்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. கை நடுங்குகிறது, ஆமென் சொல்கிறான், இப்போது அழவும் செய்கிறான். குடிகாரன் மனந்திரும்புவதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நல்ல பிள்ளைதான், குணமாகட்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு சபையில், 'அரிசி வண்டி ஓட்டும் ஒரு சகோதரருடைய விடுதலைக்காக' ஜெபித்தார்கள். பெயரைச் சொல்லவில்லை, நாகரிகமானவர்கள். எங்கள் சபையில் அரிசி வண்டி ஓட்டுவது நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை வண்டியைப் பாயிடம் விட்டேன். முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கிற மூட்டு ஒன்று தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றி, டயருக்கு பேலன்ஸ் பார்த்ததும் ஆட்டம் போய்விட்டது. பெரிய டயரும் அப்படியே இருந்தது. ஸ்டெபிலைசர் தேவைப்படவே இல்லை. பட்டறைக்குப் போகவும் காரணம் இல்லாமல் போய்விட்டது.

ஸ்டெல்லாவுக்கு வேலூரில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் மோசஸ் சாரைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி விசாரித்து உண்மையைத் தெரிந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார்.

"எங்க ஊட்ல யாரு கையிலருந்து எது கொட்டினாலும், 'டயர் மாத்தினியா?'ன்னுதான் கேப்பாங்க தம்பி. பேரப் பசங்களுக்கு உங்கள யாருன்னே தெரியாது. அதுங்களும் கேக்குதுங்க."

நானும் சிரித்தேன். எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும். எனக்குக் குடும்பம் அமையாததால், என் கதை அவர்கள் வீட்டில் ஓடுகிறது.

போன வாரம் வீட்டில் டீ ஆற்றும்போது கை தவறிக் கொஞ்சம் சிந்திவிட்டது. "டயர் மாத்தினியா?" என்று சத்தமாகக் கேட்டேன். வேறு ஆளில்லாததால், சிரிக்கிற வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.