கொதிகலனும் பள்ளிக்கூடக் கிணறும்

பட்டியல் போடுகிறவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நான் நம்பியதுண்டு. செய்வோம். எண் போட்டு, ஒழுங்காகச் செய்வோம்.

யுத்த காலம். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு ஏரலில் வீட்டோடு இருந்தேன். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை காலி. கிடைக்காவிட்டால் சித்திரையில் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். (மாப்பிள்ளை தயார். நான்தான் தயாராக இல்லை.) தேர்வுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், 'சென்ற நூற்றாண்டில் ரயில் வளர்ந்த கதை' என்று தலைப்புக் கொடுத்தார்கள்.

வெறுமனே பேசினால் என் படிப்புக்கு என்ன மரியாதை? பால்மாவு டின்னில் கொதிகலன், பக்கவாட்டில் குழாய், குழாய்க்கு எதிரே தகரச் சக்கரம், நீராவி மிஞ்சினால் திறந்துகொள்ள மேலே ஒரு தக்கை. ரேஷன் மண்ணெண்ணெயைக்கூட ஊரிலிருந்தே கொண்டுபோனேன். பட்டியலில் பதினான்காவது: 'தண்ணீர் – அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.'

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர். அதில் வகை உண்டென்று யார் கண்டது? பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இறைத்து ஊற்றினேன்.

முன்வரிசையில் தலைமையாசிரியை. பக்கத்தில் பள்ளி நிர்வாகி. உப்பளங்களுக்குச் சொந்தக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. பின்னால் ஐந்தாம் பாரத்து மாணவிகள். குதிரை இழுத்த வண்டிகள், சீமையிலிருந்து கப்பலில் வந்த இஞ்சின்கள், பஞ்சு மூட்டைகளுக்காகத் துறைமுகம் வரை நீண்ட தண்டவாளம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இதோ, நீராவியின் வலிமை!" என்றேன்.

சக்கரம் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு குழாய் நுரை கக்கி அடைத்துக்கொண்டது. தக்கை தன் கடமையைச் செய்து உத்தரம் வரை பறந்தது. அதைத் தொடர்ந்த நுரை, வேறெங்கும் போக மனமில்லாமல், நிர்வாகியின் மேல் இறங்கியது. (வந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது. அந்த நாளின் ஒரே நல்ல செய்தி.)

அவர் எழவில்லை. சட்டைக் கையைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். தொழில் தெரிந்தவர்.

"எம்மா, எந்தத் தண்ணிய ஊத்துன?"

"பின்னால உள்ள கிணத்துத் தண்ணி, ஐயா."

"அதக் குடிச்சா காக்காகூடச் செத்துரும்லா! உனக்கு எந்த ஊரு?"

"ஏரல்."

"அதான! ஆத்துத் தண்ணி குடிச்ச புள்ள. எங்க அளத்துலகூட இவ்வளவு சுருக்கா உப்பு வெளையாது. சரி, மிச்சத்தச் சொல்லு."

மிச்சம்தான் பிரச்சினை. குறிப்பில் அடுத்த வரியைப் பார்த்தேன். தாண்டிவிடலாமா என்று தோன்றியது. எண் போட்டதைத் தாண்ட எனக்கு வராது, வியாதி அப்படி. வாசித்தேன்:

"ஆரம்பகால இஞ்சின்களைக் கெடுத்தவை. ஒன்று, உப்புத் தண்ணீர்."

மாணவிகள் வெடித்தார்கள். தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிர்வாகி வேட்டியை உதறியபடி சிரித்தார். "தான் செஞ்ச குத்தத்தத் தானே வாசிக்கியே! நாளைக்கே வேலைக்கு வந்துரு. தண்ணிய மட்டும் ஊர்லருந்து கொண்டாந்துரு."

வேலை கிடைத்தது, கல்யாணம் நின்றது. இப்போது எங்கள் வீட்டில் தோசை ஒட்டினாலும், குடை கிழிந்தாலும் என் தங்கை ஒரு விரலை நீட்டி, "ஒன்று..." என்று ஆரம்பிப்பாள். மீதியை வீடே சொல்லும்.

சென்ற மாதம் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அதற்கு முன் பத்திரிகை கொடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டு உறவினர், "நம்ம சம்பந்தம் ஏன் அண்ணாச்சி தட்டிப்போச்சு?" என்று கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒன்று, உப்புத் தண்ணீர்" என்றார்.