வேண்டாம் என்று எழுதியவர்

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குப் பெயரே 'வெங்காயம்'தான். தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர். பேனாவைத் திறந்தார் என்றால் பார்க்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் கொட்டும். அவர் படைத்த மனைவிமார் புருஷன் இருமினால் பதறி எழுந்து நிற்பார்கள். அவன் அறைந்தால், கை வலிக்குமே என்று தைலம் தேய்த்துவிடுவார்கள்.

வீட்டில் அவர் இருமினால், "வாயைப் பொத்திக்கிட்டு இருமுங்க" என்று ஒரு குரல் வரும்.

வேடிக்கை என்னவென்றால், தொடரிலும் அதே குரல்தான். நாயகியாக நடிக்கும் பெண்ணுக்கு மொழி தெரியாது. சொல்லிக்கொடுத்ததற்கு வாயசைப்பாள், அவளுக்குக் குரல் கொடுப்பது வெங்காயத்தின் மனைவி. "நீங்க சொன்னா சரிங்க" என்று அவள் சொல்லிக் கேட்க அவருக்கு இந்த உலகத்தில் ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆசைக்கு நாலு இடத்தில் கூடுதலாக எழுதிவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இந்தச் சுகத்தில்தான் மண் விழுந்தது. குரல் பிரிவுக்கே அவளைப் பொறுப்பாளராகக் கூப்பிட்டார்கள். சாயங்காலமெல்லாம் வேலை.

"நாளைக்குப் பதில் சொல்லணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ராத்திரிச் சமையல்?"

"நான் வேலையைப் பத்திக் கேட்டேன்."

"நானும் வேலையைப் பத்தித்தாம்மா கேக்குறேன்!"

அவளிடம் பேசி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. எழுதித்தான் ஜெயிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு காட்சி எழுதினார். நாயகிக்கு வேலை கிடைக்கிறது. கண்ணீரும் கம்பலையுமாகப் புருஷனிடம் வந்து சொல்கிறாள்: "ஏங்க, எனக்கு இந்த வேலை வேண்டாம். அடுப்படி போதும்." தன் வாயால் இதைச் சொன்ன பிறகு மனைவியின் மனசு இளகாமலா போகும்? ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் இளக்கிய பேனா அல்லவா!

மறுநாள் காலையில் படம்பிடித்தார்கள். மதியம் குரல் பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தாளைப் படித்தாள். இவரைப் பார்த்தாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. திரையில் நாயகி வாயைத் திறந்தாள்.

"ஏங்க, எனக்கு இந்த வேலை... வேணும். அடுப்படி... போதும்!"

ஒரே ஒரு சொல்தான் மாறியது. 'வேண்டாம்' என்றாலும் 'வேணும்' என்றாலும் வாய் 'வே'யில் திறந்து 'ம்'மில் மூடுகிறது. உதடு இம்மி பிசகவில்லை. ஆனால் அந்தப் 'போதும்' இருக்கிறதே, இத்தனை வருஷப் புகையும் அதில் இருந்தது. வெங்காயத்துக்கே கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல குரல், இத்தனை நாளும் இதை அழவைத்தே வீணடித்தோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பின்னாலிருந்து தயாரிப்பாளர் கத்தினார். "யாருய்யா எழுதினது இதை?"

திட்டா பாராட்டா என்று தெரியாமல் வெங்காயம் விழித்தார்.

"பிரமாதம்! யாருன்னு கேட்டேன்!"

"நா... நான்தாங்க."

"சபாஷ்! இனிமே அவ வேலைக்குப் போறா, புருஷன் சமைக்கிறான். கதையையே மாத்துறோம். நீயும் சமைச்சுப் பார்த்து அனுபவிச்சு எழுதுய்யா!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள்தான் வேலையில் சேர வேண்டும் என்றாலும், அன்று சாயங்காலமே புதுப் பொறுப்பாளருக்கு வீட்டில் ஓயாமல் போன் வந்தது. வெங்காயம் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "டீ வேணுமா?" என்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'வே'யில் திறந்தது, 'ம்'மில் மூடியது. அவர் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டுக் குடித்து முடித்தார்.

அவள் போனை வைத்தாள். "எனக்கு எங்கே?"

"நீ வேண்டாம்னுதானே சொன்னே?"

"வேணும்னுதான் சொன்னேன்."

டீயைச் சொல்கிறாளா, மதியம் நடந்ததைச் சொல்கிறாளா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.